பழைய விண்டோஸ் கேட்டவர்கள்

புதுக் கணினியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, அதில் இருந்த புத்தம்புது விண்டோஸை அழித்துவிட்டுப் பழைய விண்டோஸை ஏற்றிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 2007 ஜனவரி 30 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் விஸ்டாவைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. அதற்கு முந்தைய எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். ஐந்து ஆண்டுக்கு மேல் பழசாகிவிட்ட அந்த எக்ஸ்பியைத்தான் மக்கள் திரும்பக் கேட்டார்கள். “ஃபார்மட் அடிச்சு எக்ஸ்பி போட்டுத் தா” என்ற வேண்டுகோளைக் கேட்காத, கணினி தெரிந்த தமிழ்ப் பிள்ளை அந்த நாட்களில் மொன்றியலிலும் இருந்திருக்க முடியாது, மதுரையிலும் இருந்திருக்க முடியாது.

இதைப் பழமைப் பிடிப்பு என்று பலர் ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய கருவியில் எது ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் வாங்கியவரா, விற்றவரா? அந்த எக்ஸ்பி வட்டுக்குப் பின்னால் இருந்த கேள்வி இதுதான். கடந்த இருபது ஆண்டுகளில் பதில் மெல்ல மெல்ல விற்பவர் பக்கம் சாய்ந்துவிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது அதே கேள்வி இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. நாம் வாழும் கியூபெக் மாகாணத்தின் கையில் இதற்குச் சில வலுவான ஆயுதங்கள் உண்டு. மொழிச் சட்டம் ஒன்று, நுகர்வோர் சட்டம் ஒன்று, 2010இல் வந்த ஒரு தீர்ப்பும் உண்டு. அவற்றை நம்மவர்கள் அதிகம் அறியவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

விஸ்டா ஏன் கசந்தது

விஸ்டா தன்னளவில் மோசமான இயங்குதளம் என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பில் அது எக்ஸ்பியைவிட வெகுதூரம் முன்னே இருந்தது. பின்னால் எல்லோரும் விரும்பிய விண்டோஸ் 7 அதே அடித்தளத்தின் மேல் எழுந்ததுதான். சிக்கல், அதைச் சுமக்க முடியாத கணினிகளின் தலையில் அதை ஏற்றி விற்றதில் இருந்தது. விஸ்டாவின் மிக எளிய பதிப்புக்கே 512 மெகாபைட் நினைவகம் வேண்டும் என்றது மைக்ரோசாஃப்ட். கண்ணாடி போல மினுங்கும் ஏரோ தோற்றத்துக்கு ஒரு கிகாபைட் வேண்டும். கடைகளில் அடுக்கியிருந்த மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் இருந்ததோ வெறும் 512. திறந்தால் எழுந்து நிற்கவே நேரம் எடுத்தன. வீட்டில் இருந்த பிரின்டருக்கும் ஸ்கேனருக்கும் விஸ்டாவுக்கான டிரைவர் வரவில்லை.

விஸ்டா வருவதற்கு முந்தைய மாதங்களில் விற்ற கணினிகளில் ‘விஸ்டா கேப்பபிள்’ என்று ஒட்டுச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். அதை நம்பி வாங்கியவர்கள் 2007இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கின் போக்கில் மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. இன்டெலின் 915 ரகச் சில்லுத் தொகுதியைக் கொண்ட கணினிகளுக்கும் அந்தச் சீட்டு கிடைக்கும்படி அளவுகோலைத் தளர்த்தியிருந்தது அவற்றில் தெரிந்தது. நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரே 2,100 டாலர் கொடுத்து மடிக்கணினி வாங்கி, அது மின்னஞ்சல் பார்க்க மட்டும்தான் உதவுகிறது என்று நொந்து எழுதியிருந்தார். 2009 பிப்ரவரியில் அந்த வழக்குக்குக் கூட்டு வழக்கு என்ற தகுதி நீக்கப்பட்டது. ஆனால் சாதாரண மக்கள் சொன்ன குறையை நிறுவனத்துக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

உரிமை ஏட்டில் இருந்தது

திரும்பிப் போவதற்குச் சட்டப்படி ஒரு வழி இருந்தது. விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளை வாங்கியவர்கள் அதே லைசென்ஸின் பேரில் எக்ஸ்பி புரொஃபஷனலை ஏற்றிக்கொள்ளலாம் என்று உரிம ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் பதிப்புகளுக்கு அந்த உரிமை இல்லை. கடையில் போய்ப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கணினி வாங்கும் குடும்பம் எந்தப் பதிப்பை வாங்கும்? ஹோம்தான். அதாவது, திரும்பிப் போக வேண்டிய தேவை அதிகம் இருந்தவர்களுக்கு வாசல் சாத்தியிருந்தது. விலை உயர்ந்த பதிப்புக்குப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் திறந்திருந்தது.

பதிப்பு சரியாக இருந்தாலும் எக்ஸ்பி வட்டை மைக்ரோசாஃப்ட் தராது. அதை நீங்களே தேட வேண்டும், அல்லது கணினி செய்த நிறுவனத்துக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் இந்த மாற்றத்துக்காகத் தன்னிடம் 59 டாலர் 25 சென்ட் வாங்கினார்கள் என்று 2009இல் வழக்கே தொடுத்தார். இத்தனைக்கும் எக்ஸ்பி ஓடும் அந்தக் கணினிகள் விற்பனைக் கணக்கில் விஸ்டாவாகவே எண்ணப்பட்டன. வேண்டாம் என்றவரின் பணமும் வேண்டும் என்ற கணக்கில் சேர்ந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

2008 ஜூன் 30க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் தங்கள் புதுக் கணினிகளில் எக்ஸ்பியை நேரடியாக ஏற்றி விற்கக் கூடாது என்றது மைக்ரோசாஃப்ட். அந்தக் கெடுவே முதலில் 2008 ஜனவரியில் முடிய வேண்டியது. எதிர்ப்பைப் பார்த்து நீட்டினார்கள். எக்ஸ்பியைக் காப்பாற்றுங்கள் என்று இன்ஃபோவேர்ல்டு பத்திரிகை தொடங்கிய மனுவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஒரு மென்பொருளின் பழைய பதிப்புக்காக மக்கள் இப்படித் திரண்டது அதற்கு முன் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நீலத் திரையைத் தாண்டி

விஸ்டாவை அழித்து எக்ஸ்பி ஏற்றும் வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்ற பொறியாளர்கள் அல்லர். சனிக்கிழமை மத்தியானம் மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போய், இரவு வரை அங்கேயே உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள்.

முதல் வேலை, உள்ளே இருப்பதைப் பத்திரப்படுத்துவது. கணினியோடு ரிகவரி வட்டு கொடுக்கும் வழக்கம் அப்போதே குறைந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியில் விஸ்டாவின் நகல் இருக்கும். அதை டிவிடியில் எழுதி வைக்காமல் டிஸ்கை முழுவதும் அழித்துவிட்டால், பின்னால் வாரண்டிக்குக் கொடுக்கும்போது மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. அடுத்தது டிரைவர்கள். ஒலி, திரை, வலையிணைப்பு, தாய்ப்பலகையின் சில்லுகள் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்பிக்கான டிரைவரைத் தேடி எடுத்து, அழிப்பதற்கு முன்பே ஒரு பென் டிரைவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வலையிணைப்பு டிரைவரை மறந்தால் போச்சு. அதைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும்.

பிறகு எக்ஸ்பி வட்டைப் போட்டுக் கணினியைத் தொடங்கினால், கோப்புகள் வரிசையாக ஏறி, திடீரென்று திரை நீலமாகும். 0x0000007B என்று ஒரு எண் தெரியும். எத்தனையோ பேர் அந்த இடத்தில் கணினியே பழுதாகிவிட்டது என்று பயந்திருக்கிறார்கள். பழுது எதுவும் இல்லை. எக்ஸ்பி உருவான காலத்தில் சாட்டா ஹார்ட் டிஸ்க்குகள் சந்தைக்கே வரவில்லை. புதுக் கணினியோ ஏஹெச்சிஐ என்ற முறையில் டிஸ்கோடு பேசுகிறது. எக்ஸ்பி வட்டுக்கு அந்தப் பேச்சு தெரியாது. டிஸ்க் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடுகிறது. எஃப்6 விசையை அழுத்தி டிரைவரைக் கொடுக்கலாம் என்று வட்டே சொல்லும். ஆனால் அதை ஃப்ளாப்பியில்தான் கேட்கும். 2007இல் வந்த மடிக்கணினியில் ஃப்ளாப்பிக்கு எங்கே போவது?

இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தார்கள். பயாஸ் அமைப்புக்குள் போய் டிஸ்கின் முறையைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றுவது ஒன்று. என்லைட் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, சாட்டா டிரைவரை எக்ஸ்பி வட்டுக்குள்ளேயே நுழைத்துப் புது வட்டு எழுதிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது நேர்த்தியான வழி. அதைச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு ஊருக்குள் ஒரு தனி மதிப்பு இருந்தது.

கடைசியில் ஆக்டிவேஷன். அடியில் ஒட்டியிருக்கும் விஸ்டா எண் எக்ஸ்பிக்கு ஒத்துவராது. பழைய எக்ஸ்பி புரொஃபஷனல் வட்டின் எண்ணைக் கொடுத்தால், ஏற்கெனவே பயன்படுத்தியது என்று இணையம் மறுக்கும். தொலைபேசியில் அழைத்து, திரையில் தெரியும் நீண்ட எண் வரிசையை ஒப்பித்து, என்னிடம் விஸ்டா பிசினஸ் லைசென்ஸ் இருக்கிறது, அதன் உரிமைப்படி எக்ஸ்பி ஏற்றுகிறேன் என்று விளக்கிச் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் பதில் எண்ணைத் தருவார். முறையாகச் செய்ய விரும்பியவர்களுக்கு இவ்வளவு சிரமம். திருட்டு வட்டுக்காரர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. நேர்மையானவருக்குத் தடை வைத்து, மற்றவரைத் திருட்டு வட்டின் பக்கம் தள்ளியது இந்த ஏற்பாடு.

நினைவு மலரும் எக்ஸ்பியும்

நம்மவர்களுக்கு எக்ஸ்பி தேவைப்பட்டதில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. மரணம் நடந்த வீட்டில் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலர், கோயில் திருவிழா அறிவித்தல், அரங்கேற்ற அழைப்பிதழ், வாரப் பத்திரிகை என்று புலம்பெயர்ந்த தமிழரின் அச்சு வேலையில் பெரும்பகுதி பல ஆண்டுகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் நடந்தது. ஈழத்தவர்களிடம் பாமினி எழுத்துரு. தமிழ்நாட்டில் வேறு பல எழுத்துருக்கள். எல்லாமே ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பழைய முறை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல். யூனிகோடு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அடோபி அதைக் கைவிட்டுவிட்டது. விஸ்டாவுக்கு ஏற்றபடி திருத்தித் தரவும் இல்லை. 64 பிட் விண்டோஸ் வந்ததும், இன்னும் பழைய 16 பிட் தமிழ் மென்பொருள்கள் ஓடவே மறுத்தன. பிரின்டர் துளையில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் திறக்கும் எழுத்துரு மென்பொருள்களும் இருந்தன. புது மடிக்கணினிகளில் அந்தத் துளையே காணாமல் போய்விட்டது.

பத்து வருட உழைப்பைப் பேஜ்மேக்கர் கோப்புகளாகச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் அச்சகத்துக்காரர் புது விண்டோஸை மறுத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? தமிழ்நாட்டு அரசே 2010இல்தான் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

ஆனால் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் தமிழ் வாசிப்பவருக்கு எக்ஸ்பிக்குத் திரும்புவது நட்டம். எக்ஸ்பியில் லதா எழுத்துரு இருந்தாலும், கன்ட்ரோல் பேனலுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவினால்தான் யூனிகோடுத் தமிழ் ஒழுங்காகத் தெரியும். இல்லையென்றால் வெறும் கட்டங்கள், அல்லது கொம்பும் காலும் இடம்மாறிய எழுத்துகள். அதை நிறுவ எக்ஸ்பி வட்டையே கேட்கும். விஸ்டாவில் இந்தத் தொல்லை கிடையாது. தொடங்கிய நிமிடத்திலேயே தமிழ் தெரியும். அச்சிடுபவருக்கு எக்ஸ்பி, வாசிப்பவருக்கு விஸ்டா. ஒரே வீட்டில் இரண்டு தேவைகள் இருந்தன. எந்தத் தேவை முதன்மை என்பதை அந்த வீட்டார்தான் அறிவார்கள்.

பிரெஞ்சு பேசும் பெட்டி

மொன்றியலில் இந்தக் கதைக்கு இன்னொரு திருப்பம் உண்டு. கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சாசனம் 1977இல் வந்தது. 1997இல் அதில் 52.1 என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கணினியில் ஏற்கெனவே நிறுவியிருந்தாலும் இல்லாவிட்டாலும், இயங்குதளம் உட்பட எந்த மென்பொருளும், பிரெஞ்சுப் பதிப்பே இல்லாவிட்டால் ஒழிய, பிரெஞ்சில் கிடைக்க வேண்டும் என்கிறது அது. இயங்குதளம் என்பதையே பெயர் சொல்லி மொழிச் சட்டத்துக்குள் கொண்டுவந்த இடம் இது. கடைக்காரர் ஏற்றி வைப்பதை மக்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை, அது எப்படி இருக்க வேண்டும் என்று சமூகம் நிபந்தனை விதிக்கலாம் என்பதை இந்த மாகாணம் அப்போதே நிறுவிவிட்டது. நம் மொழியைக் காக்கப் போராடிய நமக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் பெற்றோர் பாடு? குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதால் பிள்ளைக்குப் பிரெஞ்சு விண்டோஸ் இயல்பாக வரும். தாய் தகப்பனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும், பிரெஞ்சு அதற்கும் குறைவு. எக்ஸ்பியின் ஹோம் பதிப்பில் மொழியை மாற்ற வேண்டுமானால் முழுவதையும் அழித்து வேறு மொழி வட்டைக் கொண்டு மறுபடி ஏற்ற வேண்டும். விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் அல்டிமேட், என்டர்பிரைஸ் பதிப்புகள் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே மொழியை மாற்றிக்கொள்ளும் வசதி. 2012இல் வந்த விண்டோஸ் 8தான் இந்தக் கதவைச் சாதாரண வீடுகளுக்கும் திறந்தது. அதுவரை மொன்றியல் வீடுகளில் ஃபார்மட் அடிப்பதற்கு வேகம் ஒரு காரணம் என்றால் மொழி இன்னொரு காரணம். பிரெஞ்சும் தமிழும் ஆங்கிலமும் ஒரே வீட்டில் புழங்கும் குடும்பங்களை நினைத்துப் பார்க்க அந்த நிறுவனத்துக்குப் பதினோரு ஆண்டு பிடித்தது.

டெண்டர் விடாத விஸ்டா

தனி மனிதர் ஒரு கணினியில் செய்ததை ஓர் அரசு நிறுவனம் செய்யலாமா? புது விண்டோஸ் வந்துவிட்டது என்பதற்காக மக்கள் பணத்தில் அதை வாங்கித்தான் ஆக வேண்டுமா? இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு இழுத்தது 1999இல் மொன்றியலில் தொடங்கிய சவ்வார்-ஃபேர் லினக்ஸ் என்ற நிறுவனம். கியூபெக்கின் ஓய்வூதிய வாரியமான ரெழி தே ராந்த், 7 லட்சம் டாலருக்கு மேல் பெறுமதியான மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களை, அதாவது விஸ்டாவையும் ஆஃபிஸ் 2007ஐயும், டெண்டர் விடாமல் வாங்கியது. எங்களைப் போட்டியிடவே விடவில்லையே என்று நிறுவனத்தின் தலைவர் சிரில் பெரோ வழக்காடினார். ஏறத்தாழ அதே காலத்தில், 2008இல், ஃபாசில் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பும் மாகாண அரசின் கொள்முதல் முறையை எதிர்த்து நீதிமன்றம் ஏறியது.

2010 ஜூன் 3 அன்று மாகாண உயர் நீதிமன்ற நீதிபதி தெனி ஜாக் தீர்ப்பளித்தார். வேறு வழி இருக்கிறதா என்று வாரியம் முறையாக ஆராய்ந்து பார்க்கவில்லை, டெண்டர் இல்லாமல் வாங்கியது சட்டத்துக்கு மாறானது என்றார். அடுத்த ஆண்டே, 2011 ஜூனில், அரசு அமைப்புகள் கட்டற்ற மென்பொருளையும் மற்றவற்றுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்ற விதியைக் கொண்ட சட்டத்தை மாகாணச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

இந்தத் தீர்ப்பை லினக்ஸின் வெற்றி என்று மட்டும் பார்ப்பது போதாது. புதியது வந்தால் மாறித்தான் ஆக வேண்டும் என்பது இயற்கை விதி அல்ல, அது ஒரு கொள்முதல் முடிவு, அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசுக்குப் பொருந்துகிற இந்தக் கேள்வியை வீட்டில் உள்ளவரும் கேட்கலாம்.

சாத்திய கதவுகள்

திரும்பிப் போவதில் ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் ஓட்டை கண்டால் அடைக்க ஆள் இல்லை. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கிருமி உலகெங்கும் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அதில் சிக்கியவை பெரும்பாலும் திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். நிலைமை முற்றி, மூன்று ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. பழைய பேஜ்மேக்கருக்காக எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் அந்தக் கணினியை இணையத்தோடு சேர்க்கவே கூடாது. வங்கிக் கணக்கை அதில் திறப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி வாசலையே சுவராக்கிவிடுவது வேறு. விண்டோஸ் 8ஐயும் மக்கள் விரும்பவில்லை. 2014 ஜனவரியில் ஹெச்பி நிறுவனம், மக்கள் கேட்டதற்கிணங்க மீண்டும் என்று விளம்பரம் செய்தே விண்டோஸ் 7 கணினிகளை விற்றது. அப்படித் திரும்பும் வழி கடைசியாகப் பெரிய அளவில் திறந்திருந்தது அப்போதுதான். 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், இனி வரும் புதுச் செயலிகளுக்கு, அதாவது ப்ராசஸர்களுக்கு, புது விண்டோஸ் மட்டுமே துணை என்று அறிவித்தது. 2017இல், புதுச் செயலியில் விண்டோஸ் 7 ஓடினால் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் போவதையே நிறுத்தியது. புதுக் கணினிகளில் விண்டோஸ் 7ஐ ஏற்ற முனைந்தவர்கள், யுஎஸ்பி 3 துளைக்கான டிரைவர் அதில் இல்லாததால், முதல் திரையிலேயே மவுஸும் கீபோர்டும் அசையாமல் நிற்பதைக் கண்டார்கள். பழைய பயாஸுக்கு மாறும் வசதியையும் புதுத் தாய்ப்பலகைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். கைபேசிகளில் நிலைமை இன்னும் இறுக்கம். ஆப்பிள் ஒரு புதுப் பதிப்பை வெளியிட்ட சிறிது காலத்திலேயே பழையதற்கு ஒப்பமிடுவதை நிறுத்திவிடும். பிறகு ஐபோனின் சொந்தக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் திரும்ப முடியாது. ஏட்டிலாவது இருந்த உரிமை இப்படித்தான் இரும்புக்குள் புதைந்தது.

குப்பைக்குப் போகும் நல்ல கணினிகள்

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். அதனால் 2017, 2018இல் வாங்கிய, இன்றும் நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகள் வெளியே தள்ளப்பட்டன. விண்டோஸ் 10இன் முடிவால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணித்தது. இங்கே மாறியது எது என்று பாருங்கள். விஸ்டா காலத்தில் புதியதை மறுத்துப் பழையதற்குப் போனார்கள். இன்று பழையதில் இருப்பவர்களை அங்கேயே இருக்கவும் விடவில்லை, முன்னே போகவும் விடவில்லை.

ஓராண்டுக் கூடுதல் பாதுகாப்பு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்றார்கள். அதற்கு 30 அமெரிக்க டாலர் கட்டலாம், அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்து இலவசமாகப் பெறலாம். ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் வாழ்பவர்களுக்கு நுகர்வோர் அமைப்புகளின் போராட்டத்தால் அந்த நிபந்தனை தளர்ந்தது. பாரிஸில் இருக்கும் தமிழருக்குக் கிடைத்தது மொன்றியலில் இருக்கும் தமிழருக்குக் கிடைக்கவில்லை. அதே கணினி, அதே விண்டோஸ். கேட்டவர்களுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணினியை எறிய வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இந்நகரில் இடம் உண்டு. ரோஸ்மோன் வட்டாரத்தில், ஆங்குஸ் பகுதியில், 1998 முதல் இயங்கும் இன்செர்டெக் என்ற சமூக நிறுவனம், வேலை தேடும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் கையாலேயே பழைய கணினிகளைச் செப்பனிட்டு விற்கிறது. பள்ளிகளுக்குச் செப்பனிட்ட கணினிகளை வழங்கும் ஓபெக் என்ற அமைப்பும் கியூபெக்கில் தொண்ணூறுகளிலிருந்து இருக்கிறது. விண்டோஸே வேண்டாம் என்று லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றிக்கொள்வது இன்று 2007இல் எக்ஸ்பி ஏற்றியதைவிட எளிது. உலகெங்கும் டெபியன் லினக்ஸை உருவாக்குபவர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு 2017 ஆகஸ்டில் இந்நகரில்தான் நடந்தது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு இயங்குதளங்களைக் கொடுத்துப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொன்ன அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் கியூபெக் சட்டமன்றம் 29ஆம் எண் மசோதாவை நிறைவேற்றியது. நீதி அமைச்சர் சிமோன் ஜோலின்-பரெத் கொண்டுவந்தது. ஒரு பொருளின் ஆயுளைக் குறைக்கும் நோக்கத்தோடு அதில் ஏதேனும் உத்தியைப் பயன்படுத்தினால் அந்தப் பொருளை விற்பதையே அது தடை செய்கிறது. உதிரிபாகம், பழுதுபார்க்கும் சேவை, அதற்குத் தேவையான தகவல் ஆகியவை கிடைக்க வேண்டும் என்ற கடமைகள் 2025 அக்டோபர் 5 முதல் வலுப்பட்டன. மேசைக் கணினி, மடிக்கணினி போன்ற பொருள்கள் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இயங்கும் என்ற உத்தரவாதம் 2026 அக்டோபர் 5 முதல் என்று எழுதப்பட்டிருக்கிறது. அது புதிதாக வாங்கும் பொருளுக்கு. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கணினிக்கு?

அதற்கும் ஒரு பிரிவு உண்டு, அதுவும் பல பத்தாண்டுகளாக. 1978ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, கொடுத்த விலையையும் பயன்படுத்தும் விதத்தையும் வைத்துப் பார்க்கும்போது நியாயமான காலம் வரை பொருள் உழைக்க வேண்டும் என்கிறது. கடைக்காரர் மேல் மட்டுமல்லாமல், செய்த நிறுவனத்தின் மேலும் நேரடியாக வழக்குப் போடலாம் என்கிறது 54ஆம் பிரிவு. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய மடிக்கணினி, ஒரு பாகமும் பழுதாகாமல், பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காததால் மட்டுமே ஏழு எட்டு ஆண்டுகளில் கைவிடப்பட்டால், அது நியாயமான காலம் உழைத்ததாகுமா? இதை ஒரு நீதிபதியின் முன் வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். 15,000 டாலர் வரையான கோரிக்கைகளைக் கியூபெக்கின் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் விசாரிக்கிறது. அங்கே பொதுவாக வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் வழக்கறிஞரை அனுப்பாமல் தன் ஆள் ஒருவரைத்தான் அனுப்ப வேண்டும். வழக்குப் போட நினைப்பவர் இப்போதே தேடி எடுத்து வைக்க வேண்டியவை: கணினி வாங்கிய ரசீது, அதன் மாடல் எண், விண்டோஸ் 11 ஏற்ற முடியாது என்று அந்தக் கணினி காட்டும் திரையின் படம்.